மலைநாட்டுத் தோட்டங்களில் வேலைக் கணக்கு: துண்டு முதல் இலத்திரனியற் பதிவு வரை

தோற்றுவாய்

கணக்கெழுதுதல் தமிழருக்குப் புதிதன்று. சோழப் பெருவேந்தர் காலத்தில் நிலத்தின் அளவும் வரியும் வரிப்பொத்தகத்தில் ஏறின. வேந்தனின் ஆணை ஓலையாயிற்று. ஓலை கல்லில் வெட்டப்பட்டது. தொண்டை நாட்டு உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், கி. பி. 919 இலும் 921 இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள், ஊரவையின் வாரியங்களுக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை விரித்துரைப்பன. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குப் பெயர் இடப்பெறும் தகுதியை இழப்பர் என அவை விதிக்கின்றன. கணக்கு எழுதுதற்கு மட்டுமன்றிக் காட்டுதற்கும் உரியது என்னும் கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகத்து ஊரொன்றிற் சட்டமாக நின்றது.

அத்தமிழகத்திலிருந்தே பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டுக்குத் தொழிலாளர் வந்தனர். அவர்களுடைய உழைப்பும் நாள்தோறும் கணக்கில் எழுதப்பட்டது. ஆயினும் அக்கணக்கு அவர்களுக்குக் காட்டப்பட்டதா என்பது வேறு வினா. அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே, நுவரெலியாவுக்குச் செல்லும் பெருந்தெருவிலும் மலையகப் புகையிரதப் பாதையிலும் அமைந்த சிறு நகரம் கொட்டகலை. அதனைச் சூழ்ந்து டிரேட்டன், மவுண்ட்வேர்ணன், ஸ்டோனிகிளிப், ரொசிட்டா, யுலிபீல்ட் முதலிய தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. இத்தகைய தோட்டங்களின் அலுவலகங்களில் நூற்றாண்டுக்கு மேலாக ஆட்சி செய்த காகிதப் பேரேடு, அண்மைக் காலத்தில் இலத்திரனியற் பொறிக்கு இடம்விடத் தொடங்கியுள்ளது. இம்மாற்றத்தின் தன்மையை உணர்வதற்கு, அதற்கு முன் நிகழ்ந்த மாற்றங்களின் வரலாற்றை அறிதல் இன்றியமையாதது.

கங்காணியின் கணக்கு

கோப்பிப் பயிர்ச்செய்கை ஓங்கிய காலத்தில், அஃதாவது 1830கள் தொடங்கி, தொழிலாளர் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டனர். கங்காணி தன் ஊரிலும் அயலூர்களிலும் உறவினரையும் அறிமுகமானவரையும் திரட்டி, வழிச்செலவுக்கு முற்பணம் கொடுத்துக் கடல் கடந்து கொணர்ந்தான். தோட்டத்துரை தொழிலாளரைத் தனித்தனியே அறியார்; கங்காணியையே அறிவார். சம்பளமும் பல தோட்டங்களிற் கங்காணியின் கைக்கே சென்றது. அவன் தனக்குரிய கடனைக் கழித்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுத்தான். எவ்வளவு கடன், எவ்வளவு கழிவு என்பதற்கு அவன் வாய்ச்சொல்லே சான்று.

1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொழிற் சட்டம், வேலையை விட்டு ஓடிய தொழிலாளியைச் சிறையிலிட வழிவகுத்தது. கடனோ எழுதாக் கணக்கு. தண்டனையோ எழுதிய சட்டம். சம்பளமும் உரிய காலத்திற் கிட்டவில்லை. மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம், சம்பளம் மாதந்தோறும் கணக்கிடப்பட்டு, மாதம் முடிந்து 60 நாள்களுக்குட் கொடுக்கப்படல் வேண்டும் என விதித்தது. மாதந்தோறும் கணக்கிடல் வேண்டுமெனின், ஒவ்வொருவரும் எத்தனை நாள் வேலை செய்தனர் என்பதை எழுதிவைத்தல் வேண்டுமன்றோ! தனித் தொழிலாளியின் பெயர் தோட்டத்தின் ஏட்டில் நிலையாக இடம்பெற்றமைக்குச் சட்டத்தின் இத்தகைய வற்புறுத்தலும் ஒரு காரணமாயிற்று.

இதற்கிடையில் பயிரே மாறிவிட்டது. 1867 இல் யேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேயே ஆள் மிகுதியும் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே பருவத்தில் வந்து மீண்ட கூட்டம் மலையிலே நிலைத்த குடியாயிற்று. 1885 இல் புகையிரதப் பாதை நானுஓயாவை அடைந்தபோது, கொட்டகலைப் பகுதியின் தேயிலை கொழும்புத் துறைமுகத்தோடு நேரே இணைந்தது. நிலைத்த குடிக்கு நிலைத்த ஏடு வேண்டியதாயிற்று.

துண்டும் தகரமும்

மலைநாட்டு வரலாற்றிற் காகிதம் பெற்ற அதிகாரத்துக்குத் துண்டு முறையே தலையாய எடுத்துக்காட்டு. கங்காணியும் அவன் கூட்டமும் தோட்டத்துக்குக் கொடுக்கவேண்டிய கடன் இவ்வளவு எனவும், அதனைச் செலுத்துவார்க்கு அவர்களை விடுவிக்கத் தடையில்லை எனவும் துரை எழுதிக் கொடுத்த சிறு சீட்டே துண்டு எனப்பட்டது. அதனை ஏந்திக் கங்காணி வேறு தோட்டங்களுக்குச் சென்றான். அத்துண்டிற் குறித்த தொகையைக் கொடுத்துக் கூட்டத்தை ஏற்க விரும்பிய துரைமார், கங்காணிக்கு மேலும் முற்பணம் கொடுத்தனர். தோட்டத்துக்குத் தோட்டம் மாறுந்தோறும் கடன் பெருகியது. பெருகிய பணத்திற் பெரும்பங்கு கங்காணியின் கையில் நின்றது. சுமை கூட்டத்தின் தலையில் ஏறியது. தன்னை விலைகூறும் சீட்டில் என்ன எழுதியிருக்கின்றது என்பதைத் தொழிலாளி அறியான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு வழக்குக்கு வந்தது. தோட்டத்தின் குறியீடும் எண்ணும் பொறித்த உலோக வில்லைகளை ஆள் திரட்டும் கங்காணி இந்தியாவுக்குக் கொண்டுசென்றான். வில்லையைப் பெற்றவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பது வழியிலுள்ள முகாம்களில் அதனைக் கண்டே துணியப்பட்டது. வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. 1904 இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் ஆள் திரட்டும் பணியை ஒழுங்குபடுத்தியது. கழுத்தில் தொங்கிய அவ்வில்லையை இக்காலத்து அடையாள அட்டைக்கு முன்னோடி என்னலாம். எழுத்தறியாத ஒருவரை ஓர் எண்ணாக மாற்றிப் பல நூறு கல் தொலைவுக்கு அப்பாலுள்ள ஒரு கணக்கோடு இணைக்கும் வித்தை அதில் அடங்கியிருந்தது.

துண்டு முறையின் தீமையைப் பலர் எடுத்துரைத்தனர். சென்னை அரசாங்கம் அனுப்பிய மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் 1917 இல் அளித்த அறிக்கை கடன் பளுவைச் சுட்டியது. 1919 இல் இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்த சேர் பொன்னம்பலம் அருணாசலம், வேலையை விட்டதற்காகத் தொழிலாளியைச் சிறையிடும் விதிகளை நீக்க அயராது உழைத்தார். 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. எனினும் காகிதத்தின் பிடி முற்றாகத் தளர்ந்ததன்று. தோட்டத்தை விட்டு நீங்குவோர்க்குக் கொடுக்கப்பட்ட பற்றுச்சீட்டு, துண்டின் இடத்தைப் பிடித்தது. பற்றுச்சீட்டு இல்லாதவருக்கு வேறு தோட்டத்தில் வேலை கிடைத்தல் அரிதாயிற்று; பற்றுச்சீட்டுக் கொடுத்தல் என்னும் தொடரே தொழிலாளர் வாயில் வேலைநீக்கம் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது. 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யர் காலந்தொட்டு, தொழிற்சங்கங்கள் தீர்க்கவேண்டியிருந்த வழக்குகளுட் பல இத்தகைய சீட்டுக்களைப் பற்றியனவேயாகும்.

செக்றோல்

தோட்டத்துக் கணக்குகளுட் செக்றோலே தலைமையானது. ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி. ஒரு நாளுக்கு ஒரு கட்டம். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். கங்காணி ஆட்களை எண்ணிச் சொல்லக் கணக்கப்பிள்ளை சிறு ஏட்டிற் குறித்துக்கொள்வார். மலைக்குச் சென்ற பின்னர் மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பார். மாலையில் சிறு ஏட்டிலிருந்து பெரிய ஏட்டுக்குக் கணக்கு ஏறும். மாத முடிவிற் கூட்டுத்தொகை காணப்படும், அரிசிக்கடன், தீபாவளி முற்பணம், கோயிற் சந்தா, தொழிற்சங்கச் சந்தா முதலியன கழிக்கப்படும், எஞ்சியது சம்பளமாகும்.

இவ்வேட்டின் மொழி தோட்டத்து மக்களின் பேச்சிற் கலந்துவிட்டது. ஒரு நாள் வேலைக்குப் பேர் என்பது வழக்கு. "இம்மாதம் எத்தனை பேர்?" என்று ஒருவரை வினவினால், அவர் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதே பொருள். குறித்த அளவு கொழுந்து எடுக்காவிடில் அரைப்பேர். குறித்த அளவுக்கு மேல் எடுத்த கொழுந்துக்கும் ஓய்வுநாள் வேலைக்கும் கைக்காசு. ஒரு மனிதரின் பெயரே ஒரு நாட்கூலியின் அளவையாக மாறியமை, அந்த ஏடு அவர்தம் வாழ்வில் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டும்.

கங்காணியின் வருவாயும் இதே ஏட்டைச் சார்ந்திருந்தது. தன் கூட்டத்தில் அன்றன்று வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் இத்தனை சதம் எனப் பென்ஸ் காசு பெற்றமையால், ஆட்களை மலைக்கு அனுப்புவதிற் கங்காணிக்கு நேர்முகமான ஊதியம் இருந்தது. 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் குறைந்தபட்சச் சம்பளம் விதிக்கப்பட்டு, மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் என வரையறுக்கப்பட்டபோது, செக்றோல் சட்டத்தின் கண்ணுக்கும் உரியதாயிற்று. 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் சட்டம், சம்பளப் பதிவேடுகளைப் பேணும் கடமையை வேலைகொள்வோர்மேற் சுமத்தியது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி தோன்றியபின், முதுமைக்குரிய சேமிப்பும் இப்பதிவையே அடித்தளமாகக் கொண்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்சம்பளம் சமமானது 1984 இலேயாகும்.

கொழுந்து மடுவத்தில் நிகழ்ந்த நிறுவையும் செக்றோலின் ஓர் உறுப்பே. பெண்கள் கூடையை இறக்கித் தராசில் வைப்பர். கணக்கப்பிள்ளை நிறையைக் கூறி எழுதுவார். கூடைக்கு ஒரு கழிவு, மழைநாளில் தண்ணீருக்கு ஒரு கழிவு. முள் எங்கே நின்றது, கழிவு எத்துணை என்பதைக் கூடை சுமந்தவர் முற்றாக அறிதல் அரிது. அரைக்கிலோ, ஒரு கிலோ என ஒவ்வொரு முறையும் போவது சிறிதாயினும், ஒரு நாளில் மும்முறை நிறுத்து, மாதத்தில் இருபதுக்கு மேற்பட்ட நாள் வேலை செய்வார்க்கு அச்சிறிது பெரிதாகும். தோட்டங்களில் எழுந்த பிணக்குகளுட் பல இத்தராசின் அடியிலேயே முளைத்தன.

ஏட்டிற் பெயரும் நாட்டிற் குடியும்

செக்றோல் சம்பளத்தை மட்டுமன்றி ஒரு சமுதாயத்தின் தலைவிதியையும் தொட்ட காலம் உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், தொடர்ந்து வாழ்ந்தமையை நிறுவுவார்க்குக் குடியுரிமை அளிக்க வழிவிட்டது. 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது விதி.

இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று யாது? நிலவுறுதி அவர்களுக்கு இல்லை. வீட்டுவரிச் சீட்டு இல்லை. பலர்க்குப் பிறப்புச் சான்றும் இல்லை. தோட்டத்து அலுவலகத்திலிருந்த பேரேடுகளே வாழ்வுக்குச் சாட்சி. ஏட்டில் ஒரு மாதம் பெயர் இல்லையெனின், அம்மாதம் அவர் இலங்கையில் இல்லை என்னும் ஐயத்துக்கு இடமுண்டாயிற்று. ஒரே பெண் ஓரேட்டில் ராமாயி எனவும் மற்றோரேட்டில் வேறு எழுத்துக்களோடும் காணப்பட்டால், இருவரும் ஒருவரே என நிறுவுதல் வேண்டும். 1951 ஆகஸ்டு வரை ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. அவருட் குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்து அந்நெடுங் கொடுமைக்கு முடிவு கண்டது.

இவ்வரலாறு ஒன்றை ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகின்றது. பணியிடத்தில் நிரப்பப்படும் படிவம் பணியிடத்தோடு நின்றுவிடுவதன்று. எழுதினவர் எண்ணியே பாராத பயன்களுக்கு அது பின்னாளிற் சான்றாக அழைக்கப்படும்.

தொழிற்சாலைப் பேரேடும் ஏலமும்

மலையிற் செக்றோல் எங்ஙனமோ, தேயிலைத் தொழிற்சாலையில் உற்பத்திப் பேரேடுகள் அங்ஙனம். கொழுந்து வந்த நேரம், நிறை, வாட்டுத் தட்டில் கிடந்த மணிக்கணக்கு, உருளையில் அரைத்த காலம், புளிக்கவிட்ட அளவு, உலர்த்தியின் வெப்பம், சலித்த தரம், பொதியின் எண் ஆகிய ஒவ்வொன்றும் எழுதப்படும். நூறு கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து இருபத்தொன்று அல்லது இருபத்திரண்டு கிலோ தேயிலையே கிடைக்கும். இவ்விகிதம் தாழ்ந்தால், மலை நிறுவையிலோ தொழிற்சாலைச் செய்முறையிலோ குறையுண்டு என்பதை ஏடுகளை ஒப்பிட்டே காண்பர். புளிப்புப் பத்து நிமிடம் மிகுந்தமைக்கும் கொழும்பிற் சுவைஞர் கூறும் குறைக்கும் உள்ள தொடர்பை அறியவும் அதே ஏடே துணை. ஆனால் ஈரம் மிக்க அறையில், தூள் படிந்த கையால், வேலை முடிந்தபின் நினைவிலிருந்து எழுதப்படும் எண்களின் நம்பகம் எத்துணை என்பது பழைய வினா. உலர்த்தியோடு இணைந்த வெப்பமானியே தன் அளவைத் தானே பதியுமாயின் இவ்வினா பெரும்பாலும் நீங்கும். உணவுப் பாதுகாப்புத் தரச் சான்றிதழ்களை வேண்டும் அயல்நாட்டுக் கொள்வோர், ஒரு பொதியின் வரலாற்றைத் தொழிற்சாலை வரை பின்தொடரக் கேட்பதும் இம்மாற்றத்தைத் தூண்டிய காரணங்களுள் ஒன்றாகும்.

தேயிலை வணிகத்திற் காகிதம் கைவிடப்பட்டமைக்கு மிகத் தெளிவான நிகழ்ச்சி 2020 இல் நடந்தது. 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், கூடத்திற் குரல் எழுப்பி விலை கூறும் முறையிலேயே 137 ஆண்டு நடந்துவந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் கூடம் மூடப்பட, 2020 ஏப்பிரலில் அது இணையவழி ஏலமாக மாறியது. பல்லாண்டு பேசப்பட்டு நிறைவேறாத மாற்றம் சில கிழமைகளில் நிறைவேறிற்று. தேவை வந்துற்றபோது பழக்கம் விரைந்து வழிவிடும் என்பதற்கு இது சான்று.

பொறிகளின் வரவு

உழைப்பை அளக்கும் பொறிகளுக்கும் நெடிய வரலாறு உண்டு. 1880களின் இறுதியில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் வில்லார்ட் பண்டி என்பார், தொழிலாளர் வருகையை நேரத்தோடு பதியும் கடிகாரத்தை அமைத்தார். 1890 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமதிப்பில் ஹொலரித் அமைத்த துளையட்டைப் பொறிகள் கணக்கிட்டன. வருகைக் கடிகாரம், விலை கணிக்கும் தராசு, துளையட்டைப் பொறி ஆகிய மூன்றையும் செய்த நிறுவனங்கள் 1911 இல் ஒன்றாக இணைந்தன. அக்கூட்டு நிறுவனமே 1924 இல் ஐ. பி. எம். எனப் பெயர் பெற்றது. நேரம், நிறை, கணக்கு என்னும் மூன்றும் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தமை குறிக்கத்தக்கது. இன்று தேயிலை மலையில் ஒரே கைக்கருவியிற் சேர்வனவும் அம்மூன்றேயாகும்.

இலங்கைத் தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992 இற் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையின்கீழ் வந்தன. கொட்டகலை என்னும் பெயரையே தாங்கிய கம்பனியும் அவ்வாண்டில் தோன்றியவற்றுள் ஒன்று. கம்பனிகளின் காலத்தில் முதலிற் கணினி புகுந்தது தோட்டத்து அலுவலகத்திலாகும். செக்றோல் மலையிற் காகிதமாகவும் அலுவலகத்திற் கணினியாகவும் இரட்டை வாழ்வு வாழ்ந்தது. பின்னர்ப் பல தோட்டங்களில் இலத்திரனியற் தராசு கொழுந்து மடுவத்துக்கு வந்தது. தொழிலாளியின் அட்டையைக் கருவி படிக்கும். தராசு நிறையைக் கருவிக்குச் சொல்லும். கருவி அதனை அலுவலகக் கணினிக்கு அனுப்பும். மலைமுகடுகளில் வலையமைப்பு எட்டாத இடங்களிற் கருவி தன்னகத்தே சேமித்துவைத்துப் பின்னர் அனுப்பும். சிறு ஏட்டிலிருந்து பெரிய ஏட்டுக்கும், அதிலிருந்து சம்பளப் பட்டியலுக்கும் எனக் கணக்கு மும்முறை கைமாறிய நிலை ஒழிந்தது.

நன்மையும் இடரும்

இம்மாற்றத்தின் நன்மை வெளிப்படை. படியெடுக்குந்தோறும் நேரும் பிழை குறைகின்றது. கணக்கப்பிள்ளையின் விருப்பு வெறுப்புக்கு இடம் சுருங்குகின்றது. முள் ஆடும் தராசுக்கு மாறாக எண்ணே ஒளிர்வதால், கூடை சுமந்தவரும் நிறையைக் காணலாம். நாளுக்கு நாள் கணக்கு முடிவதால் மாத இறுதி வரை காத்திராமல் பிழையைக் கேட்டறிய வழியுண்டு.

இடரும் உண்டு. சம்பளத்தின் அமைப்பே ஒரு கட்டத்துக் குறிக்கு எத்துணை வலுவூட்டும் என்பதைக் கூட்டு ஒப்பந்தங்கள் காட்டின. 2013 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 620 ரூபா; அதில் அடிப்படை 450 ரூபாவே. 140 ரூபா வருகைக்கான ஊக்கத்தொகை. கொடுக்கப்பட்ட வேலைநாள்களிற் குறித்த பங்குக்கு வாராதவர் அத்தொகையை இழந்தனர். ஆகவே ஒரு நாள் வருகை தவறிப் பதியாமற் போயின், அந்நாளின் கூலி மட்டுமன்றி மாதம் முழுவதற்குமான ஊக்கத்தொகையும் போகக் கூடியதாயிருந்தது. 2021 இற் சம்பளச் சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபா என விதித்தபின், கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டது, அரைப்பேர் போடப்பட்டது என்னும் முறைப்பாடுகள் மலைநாடெங்கும் எழுந்தன. அளவை விதிப்பவர் மனிதரே. பொறி அவ்விதியைப் பிழையின்றி நிறைவேற்றும் அவ்வளவே. நீதியற்ற விதியைப் பிழையின்றி நிறைவேற்றும் பொறி நீதியைத் தாராது.

காகிதத்திற் செய்த திருத்தம் தடம் விடும். சுரண்டிய இடம் கண்ணுக்குப் புலப்படும். மையின் நிறம் வேறுபடும். கணினியில் ஓர் எண்ணை மாற்றினால், மாற்றியவர் யார், மாற்றிய நேரம் யாது என்பவற்றைப் பொறியே பதிந்துவைக்கும்படி அமைத்தாலன்றி, அம்மாற்றம் எவர்க்கும் தெரியாது. மேலும், ஆண்டுக்கணக்கிற் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களின் இரேகையைக் கருவி படிக்கத் தவறுதல் கையுழைப்பாளர் பலரிடத்துக் காணப்படும் இயல்பு. ஆகவே விரலையே திறவுகோலாகக் கொள்ளும் முறை, நெடுங்காலம் உழைத்தவரையே முதலில் வெளியே நிறுத்திவிடும்.

இந்தியாவின் அனுபவமும் இங்குக் கருதத்தக்கது. அங்கு மகாத்துமா காந்தி ஊரக வேலையுறுதித் திட்டத்தில், பணியாளர் வருகையைக் கைபேசியால் நாளுக்கு இருமுறை ஒளிப்படத்தோடு பதியும் முறை 2021 இல் அறிமுகமாகி, 2023 சனவரி முதல் எல்லாப் பணியிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. வலையமைப்புக் கிட்டாத ஊர்களில், வேலை செய்தும் வருகை பதியாமற் கூலி இழந்தோர் முறையிட்டனர். மறுபுறத்தில், தொடர்பற்ற படங்களைப் பதிந்து பொய்க் கணக்குக் காட்டியமையை 2025 யூலையில் நடுவண் அமைச்சே சுட்டிக்காட்ட நேர்ந்தது. நேர்மையாளரைத் தடுத்துப் பொய்யரைத் தடாத பதிவு முறையால் ஆவது யாது?

இதற்கு எதிரான நல்லுதாரணமும் இந்தியாவிலேயே உண்டு. குசராத்து மாநிலத்துப் பாற் கூட்டுறவுச் சங்கங்களில், கொணர்ந்த பாலின் நிறையையும் கொழுப்பையும் பொறி அளந்து, கணக்கும் விலையும் குறித்த சீட்டை அவ்விடத்திலேயே உறுப்பினர் கையில் தருகின்றது. சங்கம் உறுப்பினருடையது; ஆகவே பொறி உறுப்பினர்க்கு விடை கூறுகின்றது. தராசும் கணினியும் ஓரினத்தனவேயாயினும், அவை யாருக்குக் கணக்குக் காட்டுகின்றன என்பதிலேயே வேறுபாடு அமைகின்றது.

சட்டத்தின் துணையும் இல்லாமலில்லை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கற் சட்டம், இலத்திரனியற் பதிவுக்குக் காகிதத்தோடொத்த சட்ட மதிப்பைத் தந்தது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய பதிவைக் காணவும் பிழையைத் திருத்தக் கோரவும் ஒருவர்க்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது. கொழுந்து மடுவத்தில் நிற்கும் பெண்ணுக்கும் இவ்வுரிமை உரியதே. அதனை அவர் அறியும் மொழியில், அவர் வாசிக்கத்தக்க எழுத்தில், நிறுத்த அக்கணத்திலேயே சீட்டாகவோ செய்தியாகவோ தருதல் பொறிக்கு அரிதன்று.

முடிவுரை

துண்டு, தகரம், பற்றுச்சீட்டு, செக்றோல், இலத்திரனியற் கருவி என்னும் இவ்வரிசையை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. ஒவ்வொரு புதிய முறையும் பழையதன் குறையை நீக்கவே வந்தது. ஒவ்வொன்றும் சில குறைகளை நீக்கியும் உள்ளது. ஆயினும் கணக்கு ஒருவர் கையிலும் உழைப்பு மற்றொருவர் தோளிலும் இருந்த நிலையை எழுதுகருவியின் மாற்றம் ஒன்றே மாற்றிவிடவில்லை. அதனை மாற்றியவை சட்டமும் சங்கமும் கல்வியுமே. கொட்டகலையை அடுத்த பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து ஆசிரியர் பலர் மலைநாட்டுப் பாடசாலைகளுக்குச் செல்கின்றனர். செக்றோலில் கைந்நாட்டு இட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கணக்கை வாசிக்கவும் வினவவும் வல்லவராயினர் என்பதே எந்தத் தராசினும் பெரிய மாற்றம்.

எஞ்சி நிற்கும் கடமை ஒன்றுண்டு. புதிய கருவி வந்தபின் பழைய ஏடுகள் அலுவலக மூலைகளிலும் பண்டகசாலைப் பரண்களிலும் ஒதுக்கப்படும். மலைநாட்டின் ஈரமும் கறையானும் அவற்றுக்கு நெடுங்காலம் தாரா. மன்னர்க்கும் வணிகர்க்கும் கல்வெட்டு உண்டு, செப்பேடு உண்டு. தேயிலைத் தூரின் அடியில் வாழ்ந்து மறைந்த ஆண் பெண் பலருக்கு, அவர்கள் இவ்வுலகில் இருந்தார்கள் என்பதற்குச் செக்றோலின் ஒரு வரியன்றி வேறு எழுத்தில்லை. சேமலாப நிதி கோரும் முதியவர்க்கு அவ்வரி இன்றும் சான்று. நாளை வரலாறு எழுதுவார்க்கு அதுவே மூலம். ஆதலின், பழைய பேரேடுகளைப் படியெடுத்து ஆவணக் காப்பகத்திலும் பல்கலைக்கழகங்களிலும் சேர்த்துப் பேணியபின்னரே காகிதத்துக்கு விடைகொடுத்தல் முறையாகும். உத்தரமேரூர்ச் சபையார் கணக்குக் காட்டாதவரை விலக்கினர். அவ்வழிவந்த மக்களின் கணக்கும் காட்டப்பெறுதல் வேண்டும், காக்கப்பெறுதலும் வேண்டும்.